கீகல் செய்தும் கசிவு நிற்கவில்லை: அடுத்து ஆபரேஷன்தானா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். கேட்டவருக்கு 43 வயது. இரண்டுமே சுகப்பிரசவம், மூத்த குழந்தையை ஆயுதம் போட்டு எடுத்திருக்கிறார்கள். தும்மினாலும், பலமாகச் சிரித்தாலும், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலும் சிறுநீர் கசிகிறது. வெளியே கிளம்பினால் நாப்கின் இல்லாமல் முடியவில்லை. யூடியூபில் பார்த்து இரண்டு மாதம் கீகல் பயிற்சி, அதாவது இடுப்பின் அடித்தளத் தசையைச் சுருக்கி விடும் பயிற்சி செய்தார், ஒரு மாற்றமும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா "இதுக்கெல்லாம் ஆபரேஷன்தான்" என்கிறார். உண்மையா?

நான் பெண்கள் நலப் பிரிவில் வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட். இதே கேள்வி வாரம் தவறாமல் என்னிடம் வரும். நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: ஆபரேஷனைப் பற்றி யோசிக்கும் கட்டம் உங்களுக்கு இன்னும் வரவில்லை. நீங்கள் சரியான தசையைத்தான் சுருக்கினீர்களா என்று இதுவரை யாரும் பார்த்ததில்லை. முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால், உங்களுடையது எந்த வகைக் கசிவு என்று பிரித்துக்கொள்வோம். இருமல், தும்மல், சிரிப்பு, பாரம் தூக்குவது, ஸ்கூட்டர் வேகத்தடையில் ஏறி இறங்குவது, இப்படி வயிற்றில் அழுத்தம் கூடும் நொடியில் வருவது அழுத்தக் கசிவு. திடீரென அடக்க முடியாத அவசரம் வந்து, பாத்ரூம் கதவைத் திறப்பதற்குள் வந்துவிடுவது அவசரக் கசிவு. இரண்டும் சேர்ந்திருப்பவர்களும் நிறைய. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதல் வகை. பயிற்சி இரண்டுக்கும் உதவும், ஆனால் அதிகம் கைகொடுப்பது இந்த முதல் வகைக்குத்தான்.

இடுப்பெலும்புக் கூட்டின் அடிப்பக்கம் திறந்தது. முன்னால் இருக்கும் பூப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தூளி கட்டியதுபோல ஒரு தசைத் தொகுதி அதை மூடியிருக்கிறது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அதுதான் கீழிருந்து தாங்குகிறது. சிறுநீர்க் குழாய், பிறப்புறுப்பு, ஆசனவாய் மூன்றும் அதன் நடுவேதான் வெளியே வருகின்றன. இந்தத் தசை சுருங்கும்போது இரண்டு காரியம் நடக்கும்: மூன்று வாயும் இறுகும், முழுத் தளமும் உள்ளே மேல்நோக்கி ஏறும். இருமும்போது வயிற்றின் அழுத்தம் சிறுநீர்ப்பையின் மேல் விழும். கீழே தளம் உறுதியாக இருந்தால் குழாய் அதன்மேல் அமுங்கி மூடிக்கொள்ளும். தளம் தளர்ந்திருந்தால் குழாயும் சேர்ந்து கீழே போய்விடும், சொட்டு விழுந்துவிடும்.

பிரசவத்தில் இந்தத் தசை பல மடங்கு இழுபடுகிறது. ஆயுதம் போட்ட பிரசவத்தில் தசை எலும்பிலிருந்து பிய்ந்துவிடும் வாய்ப்பும் கூடுதல். இந்தத் தசைக்கு ஓடும் நரம்பும் நசுங்கலாம். சிசேரியன் ஆனால் தப்பித்தோம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆபத்து குறையும், ஆனால் முழுக்க இல்லாமல் போகாது. பத்து மாதச் சுமையையும் இந்தத் தசைதான் தாங்கியது.

சரி, யூடியூப் பார்த்துச் செய்தது ஏன் பலிக்கவில்லை? 1991-இல் அமெரிக்காவில் ஒரு சின்ன ஆய்வு நடந்தது. 47 பெண்களுக்கு இந்தப் பயிற்சியை வாயால் மட்டும் விளக்கிவிட்டு, அவர்கள் செய்வதைக் கருவி வைத்து அளந்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேர்தான் சரியாகச் செய்தார்கள். நான்கில் ஒருவர் செய்தது கசிவைக் கூட்டக்கூடிய முறையாக இருந்தது. மேலே இழுப்பதற்குப் பதிலாக அவர்கள் கீழே முக்கிக்கொண்டிருந்தார்கள்.

என் அறையில் இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். "அம்மா, வீட்டுல செய்யற மாதிரி ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்பேன். அவர் மூச்சைப் பிடிப்பார், கழுத்து நரம்பு புடைக்கும், பிட்டம் இறுகி இடுப்பு படுக்கையிலிருந்து அரை அங்குலம் எழும்பும், தொப்புளுக்குக் கீழே வயிறு வெளியே தள்ளும். நான் தேடும் இடத்திலோ அசைவே இருக்காது, இல்லையென்றால் கீழே பிதுங்கும். "இப்ப என்கிட்ட உங்க வீட்டு அட்ரஸ் சொல்லிக்கிட்டே செய்யுங்க" என்றால் பாதி தெருப்பெயரில் எல்லாம் விட்டுப்போகும். மூச்சையும் முகத்தையும் வைத்துத்தான் இத்தனை நாளும் பயிற்சி நடந்திருக்கிறது. இப்படி இரண்டு மாதம் என்ன, இரண்டு வருடம் செய்தாலும் பலன் வராது.

இந்தப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்த ஆர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் 1948-இல் எழுதியதும் வெறும் "சுருக்குங்கள், விடுங்கள்" இல்லை. உள்ளே வைத்து அழுத்தத்தை அளக்கும் ஒரு கருவியை அவரே செய்தார். பெண்கள் அதன் முள் ஏறுவதைக் கண்ணால் பார்த்துப் பயிற்சி செய்தார்கள். பிற்காலத்தில் கருவியும் பரிசோதனையும் கழன்றுபோய், "கீகல் செய்யுங்கள்" என்று ஓ.பி. சீட்டில் ஒரு வரியாக நின்றுவிட்டது. அந்த ஒரு வரிச் சீட்டின் மேல் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

இப்போது தசையைக் கண்டுபிடிப்போம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். நாலு பேர் நடுவில் உட்கார்ந்திருக்கும்போது காற்றுப் பிரியப் பார்த்தால் எப்படி அடக்குவீர்கள்? ஆசனவாயிலிருந்து அந்த இறுக்கத்தைத் தொடங்குங்கள். அதை அப்படியே முன்பக்கம், சிறுநீர் வரும் இடம் வரை கொண்டுவந்து, உள்ளே மேலே இழுங்கள். பிட்டமும் தொடையும் சும்மா இருக்க வேண்டும். அடிவயிறு லேசாக உள்ளே போனால் பரவாயில்லை, வெளியே தள்ளக் கூடாது. மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக ஓடும்.

சரியா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டு. ஒரு சின்னக் கண்ணாடியைக் கால்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட சதை உள்நோக்கி ஏற வேண்டும். வெளியே பிதுங்கினால் முக்குகிறீர்கள். சுத்தமான விரலை உள்ளே வைத்தும் உணரலாம். விரலைச் சுற்றி இறுகி உள்ளே இழுப்பது தெரிந்தால் சரி. நம் ஊரில் கண்ணாடி வைத்துப் பார்ப்பதற்கே தயங்குபவர்கள் அதிகம். பார்க்கப்போவது உங்கள் உடம்பைத்தான், கதவைச் சாத்திக்கொண்டு பார்த்துவிடுங்கள்.

சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகச் சொல்லும் வீடியோக்கள் இன்னும் சுற்றுகின்றன. அதைப் பயிற்சியாக வைத்துக்கொள்ள வேண்டாம். காலியாகும் நேரத்தில் சிறுநீர்ப்பை சுருங்கும், இந்தத் தசை தளரும். அந்த ஒழுங்கைத் தினமும் குலைத்தால் சிறுநீர் முழுசாக வெளியேறாமல் தங்கிப்போகலாம்.

இதெல்லாம் செய்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் பெண்கள் நலத்தில் பயிற்சி எடுத்த பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். உங்கள் சம்மதத்தோடு, கையுறை போட்டு, உள்ளே விரல் வைத்துப் பரிசோதிப்பார். பெண் சிகிச்சையாளரைக் கேட்பதும், துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்வதும், பாதியில் வேண்டாம் என்று சொல்வதும் உங்கள் உரிமை. தசை எவ்வளவு பலமாகச் சுருங்குகிறது, எத்தனை நொடி தாங்குகிறது, எத்தனை முறைக்கு அப்புறம் களைக்கிறது என்று பார்த்துத்தான் அளவை முடிவு செய்வார். எல்லோருக்கும் பத்து நொடி என்று தொடங்குவது தப்பு. மூன்று நொடியில் தசை விட்டுவிடும் பெண்ணுக்கு மூன்று நொடிதான் தொடக்கம்.

பொதுவான அளவு இது. சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு சொல்வதன்படி ஒரு வேளைக்கு குறைந்தது 8 முறை சுருக்க வேண்டும், நாளைக்கு 3 வேளை, தொடர்ந்து 3 மாதமாவது, அதுவும் ஒருவர் மேற்பார்வையில். நான் சொல்லித்தருவது ஒவ்வொரு முறையும் உங்களால் முடிந்த முழு பலத்தோடு இழுத்து, தாங்கி, பிறகு அதே அளவு நேரம் முழுசாக விடுவது. முழுசாக விடுவதைப் பெரும்பாலோர் மறந்துவிடுவார்கள். விடாமல் அடுத்ததைத் தொடங்கினால் தசை களைத்துப்போகும், அவ்வளவுதான். மெதுவான சுற்று முடிந்ததும் படபடவென்று எட்டுப் பத்து வேகச் சுருக்கங்கள், ஒரு நொடி இழுத்து ஒரு நொடி விடுவது. தும்மல் காத்திருந்து வராதே, அதற்கு இந்த வேகம் வேண்டும்.

படுத்துச் செய்ய வந்ததும் உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு நடந்துகொண்டே, கடைசியில் குனிந்து எதையாவது தூக்கிக்கொண்டே என்று கடினத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இது விட்டுப்போவதுதான் இரண்டாவது பெரிய குறை. நீங்கள் கசிவது நிற்கும்போதும் குனியும்போதும். பயிற்சி மட்டும் கட்டிலோடு நின்றுவிட்டால் எப்படி?

முதல் சில வாரங்களில் வரும் முன்னேற்றம் மூளையும் நரம்பும் அந்தத் தசையைக் கூப்பிடக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை தடித்துப் பலம் பெற இரண்டு மூன்று மாதம் ஆகும். அதனால் நீங்கள் நிறுத்திய இரண்டாவது மாதம், சரியாகவே செய்திருந்தாலும்கூட, பலன் தெரியத் தொடங்கும் நேரம்தான்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்கிறேன், என் பார்வையில் இதுதான் சீக்கிரம் பலன் தருவது. தும்மலோ இருமலோ வருவதற்கு ஒரு கணம் முன்னால் தசையை இறுக்கிப் பிடித்து, முடியும்வரை விடாமல் வைத்திருப்பது. 1998-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லேசான, மிதமான கசிவு உள்ள வயதான பெண்களுக்கு இதை மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து, நின்றபடி ஒரு தாளை அடியில் பிடித்து இருமச் சொல்லி ஈரத்தை அளந்தார்கள். மிதமான இருமலில், முன்கூட்டி இறுக்கியபோது ஈரம் ஏறக்குறைய இல்லாமல் போனது. ஆழமான இருமலில் சராசரியாக முக்கால் பங்கு அளவு குறைந்தது. ஒரு வாரத்தில் தசை வளர்ந்துவிடாது, நேரம் பார்த்து இறுக்கக் கற்றதன் பலன் அது.

குடத்தைத் தூக்கும்போது இதைச் செய்து பாருங்கள். குடத்தின் கழுத்தைப் பிடித்ததும் நில்லுங்கள். கீழே இறுக்கி மேலே இழுங்கள். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தூக்கி இடுப்பில் வையுங்கள். வைத்தபிறகு விடுங்கள். முதல் வாரம் ஒவ்வொரு தடவையும் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கும், போகப்போகப் பழகிவிடும். சிலிண்டர் நகர்த்துவதற்கும், குழந்தையைத் தூக்குவதற்கும், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்திருப்பதற்கும் இதேதான்.

இவ்வளவும் செய்தால் என்ன கிடைக்கும்? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பின் தொகுப்பாய்வு 2018-இல் வெளிவந்தது, அது 31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அழுத்தக் கசிவு உள்ள பெண்களில், பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதம் பேர் முழுக்கக் குணமானதாகச் சொன்னார்கள். எதுவும் செய்யாதவர்களில் அது 6 சதவீதம். வயதாகிவிட்டதே என்று தயங்க வேண்டியதில்லை. கனடாவில் 60 வயதைத் தாண்டிய 362 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், 12 வாரப் பயிற்சிக்குப் பிறகு ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது கசிவு ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்திருந்தது. தனியாகப் பயிற்சி பெற்றவர்களுக்கும் குழுவாகப் பெற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் குழுவில் சேர்வதற்கு முன் ஒவ்வொருவரையும் தனியாகப் பரிசோதித்துச் சரியாகச் சுருக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள், அதைக் கவனியுங்கள்.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் மிதமான, கடுமையான அழுத்தக் கசிவு உள்ள 460 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நேரடியாகச் சிறுநீர்க் குழாயின் அடியில் வலைப்பட்டை வைக்கும் ஆபரேஷன், மறுபாதிக்கு முதலில் பிசியோதெரபி என்று தொடங்கினார்கள். முடிவு 2013-இல் வந்தது. ஒரு வருடத்தில் முன்னேற்றம் கண்டதாகச் சொன்னவர்கள் ஆபரேஷன் பிரிவில் 91 சதவீதம், பிசியோதெரபி பிரிவில் 64 சதவீதம். பிசியோதெரபியில் தொடங்கியவர்களில் பாதிப் பேர் பிறகு ஆபரேஷனுக்கே போனார்கள். ஆக, கசிவு கடுமையாக இருந்தால் ஆபரேஷன் மதிக்க வேண்டிய வழிதான், உங்கள் பக்கத்து வீட்டு அக்கா சொல்வது முழுப் பொய் இல்லை. அதே சமயம் வலைப்பட்டையால் தீராத வலி போன்ற சிக்கல்கள் வந்தவர்கள் உண்டு. 2018-இல் இங்கிலாந்து இந்த ஆபரேஷன்களையே நிறுத்திவைத்தது. அந்த ஆய்வில் பிசியோதெரபியில் தொடங்கியவர்களில் மீதிப் பாதிப் பேர் கத்தி படாமலே சமாளித்துக்கொண்டார்கள் என்பதையும் பாருங்கள். முதலில் மூன்று மாதம் ஒழுங்கான பயிற்சி, போதவில்லை என்றால் ஆபரேஷன் என்ற வரிசைதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. அடுத்த குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இந்த வரிசை இன்னும் பொருந்தும்.

மெஷின்களைப் பற்றியும் கேட்பீர்கள். தசை சுருங்குவதைத் திரையில் காட்டும் பயோஃபீட்பேக், தசை அசைவே தெரியாதவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும்போது உதவியாக இருக்கும். ஆனால் பிரிட்டனில் 600 பெண்களிடம் செய்த ஆய்வு 2020-இல் வந்தது. ஒழுங்காகப் பயிற்சி பெற்றவர்களுக்கு அதைக் கூடுதலாகச் சேர்த்ததால் இரண்டு வருடத்தில் தனிப் பலன் எதுவும் தெரியவில்லை. கரன்ட் வைக்கும் சிகிச்சை, தானாகச் சுருக்கவே முடியாதவர்களுக்கு ஒரு தொடக்கம், அவ்வளவே. பெரிய பேக்கேஜ் போட்டுப் பணம் கேட்டால், "நான் சரியாகச் சுருக்குகிறேனா என்று முதலில் பாருங்கள்" என்று சொல்லுங்கள்.

அவசரக் கசிவு உள்ளவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் இரண்டு வார்த்தை. அவசரம் வந்ததும் ஓடாதீர்கள், ஓட்டத்தில்தான் பெரும்பாலும் போய்விடும். நின்ற இடத்திலேயே நின்று, முடிந்தால் உட்கார்ந்து, ஐந்தாறு வேகச் சுருக்கம் போடுங்கள். அந்தச் சுருக்கம் சிறுநீர்ப்பையைச் சாந்தமாக்கும். அலை தணிந்தபிறகு நடந்து போங்கள். அரை மணிக்கு ஒருமுறை போகிறவர் அதை நாற்பது நிமிடம், ஒரு மணி என்று வாரக்கணக்கில் நீட்டிக்கொண்டே போக வேண்டும். குறைந்தது ஆறு வாரம் இதற்குக் கொடுங்கள். பஸ் ஏறும் முன், கோயிலுக்குக் கிளம்பும் முன், எதற்கும் ஒருமுறை போய்விடுவோம் என்று நாளெல்லாம் போகும் பழக்கம் சிறுநீர்ப்பையைச் சின்ன அளவுக்கே பழக்கிவிடும்.

தண்ணீரைக் குறைப்பது நம் பெண்கள் முதலில் செய்யும் வேலை. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்பவர், கழிப்பறை சரியில்லாத பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சர், இவர்கள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் சிறுநீர் அடர்ந்தால் பை இன்னும் எரிச்சலாகும், கிருமித்தொற்று வரும், மலச்சிக்கல் வரும். தினமும் முக்கி முக்கிப் போவது இந்தத் தசைக்கு எதிரான பயிற்சி. சில வீடுகளில் பிரசவத்துக்குப் பிறகு பத்தியம் என்று தண்ணீரையும் காய்கறியையும் குறைப்பார்கள். தையலோடு இருக்கும் பெண் முக்க வேண்டிவரும், அந்தப் பத்தியத்தைத் தவிர்த்துவிடுங்கள். காபி, டீயைக் குறைத்துப் பாருங்கள், முக்கியமாக அவசரம் உள்ளவர்கள். தீராத இருமல் இருந்தால் அதற்கு வைத்தியம் பாருங்கள். சில பிரஷர் மாத்திரைகளாலும் வறட்டு இருமல் வரும், டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். உடல் எடை கூடுதல் என்றால், அமெரிக்காவில் 338 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில் எடையில் 8 சதவீதம் குறைத்தவர்களுக்குக் கசிவு கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. எண்பது கிலோ உள்ளவருக்கு ஆறரை கிலோ, எட்டாத அளவு இல்லை.

கர்ப்பமாக இருக்கும் தங்கை, மகள் யாராவது வீட்டில் இருந்தால் இந்தப் பயிற்சியை இப்போதே சொல்லிக்கொடுங்கள். கசிவு வருமுன் தொடங்கினால், கடைசி மாதங்களில் அது வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

எல்லோருக்கும் இந்தப் பயிற்சி இல்லை. உடலுறவில் வலி, அடியில் நிரந்தர இறுக்கம், சிறுநீர் தொடங்கவே சிரமம் உள்ளவர்களுக்குத் தசை ஏற்கெனவே இறுகிக் கிடக்கலாம். அவர்கள் முதலில் தளர்த்தப் பழக வேண்டும். கீகல் செய்தால் வலிதான் கூடும். சிறுநீரில் ரத்தம், எரிச்சல், காய்ச்சல், அடியில் ஏதோ இறங்கி வெளியே தட்டுப்படுவது, பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ பிறகு இரவு பகல் இடைவிடாத கசிவு, இதில் எது இருந்தாலும் முதலில் மகப்பேறு மருத்துவர். திடீரெனக் கால் பலவீனமும் அடிப்பகுதி மரத்துப்போவதும் சேர்ந்து வந்தாலோ, சிறுநீர் வராமல் நின்றுவிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. மாதவிடாய் நின்றபிறகு வறட்சியும் எரிச்சலும் இருந்தால் உள்ளே தடவும் ஹார்மோன் கிரீம் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். சிறுநீர்ப் பரிசோதனையும் சர்க்கரைப் பரிசோதனையும் எல்லோரும் ஒருமுறை செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் பிசியோதெரபிஸ்டைப் பார்க்கப் போகும்போது மூன்று நாள் கணக்கு ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எத்தனை டம்ளர், எத்தனை மணிக்குச் சிறுநீர் போனீர்கள், ஒரு பழைய அளவுக் குவளையில் பிடித்தால் எத்தனை மில்லி, எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், துணி நனைந்ததா, வெறும் சொட்டா. மூன்று நாளும் அடுத்தடுத்த நாளாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் அதில் ஒன்று வேலைக்குப் போகும் நாளாக இருக்கட்டும். பயிற்சி தொடங்கி மூன்று மாதம் கழித்து இதே கணக்கை மறுபடி எழுதி, பழைய தாளோடு சேர்த்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று மருத்துவரோடு அப்போது பேசலாம்.